பயறு நாற்றுக்கு எப்போது பசிக்கும்? பன்னிரண்டு பேப்பர் கப்பில் ஒரு சோதனை

பாசிப்பயறு போட்டு நான்கு நாளில் முளைத்ததும் "உரம் வேலை செய்யுது பாருங்க" என்று சிலர் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்த நான்கு நாளில் உரத்துக்கு அங்கே வேலையே இல்லை. விதையின் இரண்டு பருப்பும்தான் நாற்றுக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. அது தீரும்வரை மண்ணில் சத்து இருக்கிறதா இல்லையா என்று நாற்று கவலைப்படாது. தீர்ந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. அந்தக் கதையை 25 நாளில் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

200 மில்லி பேப்பர் கப் 12, ஆற்று மணல், முழுப் பாசிப்பயறு ஒரு கைப்பிடி, யூரியா, சூப்பர் பாஸ்பேட், மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். அதிலேயே உப்பும் நைட்ரேட்டும் இருக்கலாம், கணக்கு குழம்பிவிடும். அப்புறம், கடலையோ உளுந்தோ தட்டைப்பயறோ விளைந்த வயலில் இருந்து ஒரு கைப்பிடி மண். பயறு வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா அந்த மண்ணில் இருக்கும்.

ஏன் பாசிப்பயறு? விதை சின்னது, நூறு விதை நிறுத்தால் மூன்று, நான்கு கிராம்தான் வரும். கட்டுச்சோறு சீக்கிரம் தீரும். தட்டைப்பயறு போட்டால் இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும். விதைக் கடையில் வாங்கும் சாயம் பூசிய விதை வேண்டாம், அந்த மருந்து வேர் முடிச்சு பாக்டீரியாவைக் கொல்லக்கூடும். மளிகைக் கடைப் பயறே போதும், பழைய சரக்காக மட்டும் இருக்கக் கூடாது.

மணலை வறுத்துக்கொள்ளுங்கள்

மணலை நாலைந்து தடவை கலங்கல் போகக் கழுவி, பழைய இரும்புச் சட்டியில் அரை மணி நேரம் நன்றாக வறுங்கள். மணலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா சாக வேண்டும். ஆறியதும் அடியில் மூன்று ஓட்டை போட்ட கப்புகளில் நிரப்புங்கள்.

கரைசல்

சறுக்கும் இடம் இதுதான். முதல் தடவை நான் யூரியாவை நேராகக் கப்பில் கால் ஸ்பூன் தூவினேன். இரண்டு நாளில் இலை ஓரம் கருகி, நாற்று மடங்கிவிட்டது. இப்போது இப்படிச் செய்கிறேன்: தலை தட்டிய ஒரு டீஸ்பூன் யூரியாவை (சுமார் 4 கிராம்) 1 லிட்டர் நீரில் கரைத்து, அதில் 100 மில்லி மட்டும் எடுத்து, மேலும் 900 மில்லி நீர் சேர்க்க வேண்டும். சூப்பரையும் ஒரு டீஸ்பூன் 1 லிட்டரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடியில் வெள்ளையாகத் தங்குவது ஜிப்சம், அதை விட்டுவிட்டுத் தெளிந்த நீரில் 100 மில்லி எடுத்து அதே மாதிரி 1 லிட்டராக்குங்கள். இரண்டும் கலந்த கரைசலுக்கு, மேலும் நீர் சேர்க்காத முதல் யூரியாக் கரைசலில் 100, சூப்பர் ஊறிய தெளிந்த நீரில் 100, மீதி 800 தண்ணீர்.

யூரியா தழைச்சத்து (நைட்ரஜன்), சூப்பர் மணிச்சத்து (பாஸ்பரஸ்). கறாராகச் சொன்னால் சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வரும். முதல் சோதனைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆறு ஜோடி

ஒவ்வொன்றுக்கும் இரண்டு கப்:

1. வெறும் தண்ணீர்
2. யூரியா மட்டும்
3. சூப்பர் மட்டும்
4. இரண்டும்
5. சூப்பர், வயல் மண் ஒரு டீஸ்பூன்
6. இரண்டும், வயல் மண் ஒரு டீஸ்பூன்

வயல் மண்ணை விதைக்குழியிலேயே போடுங்கள். 5, 6 இரண்டையும் தனித் தட்டில் வையுங்கள். தண்ணீர் தெறித்தால்கூடப் பாக்டீரியா பக்கத்துக் கப்புக்குக் குடிபோய்விடும்.

பயறை ஆறு மணி நேரம் ஊறவைத்து, கப்புக்கு ஐந்து விதை, அரை விரல் கணு ஆழத்தில். முளைத்ததும் மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். ஐந்தாம் நாள் வரை எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீர். அதன் பிறகு வாரம் இரண்டு முறை 30 மில்லி அவரவர் கரைசல் (முதல் ஜோடிக்கு அதே அளவு தண்ணீர்), மற்ற நாளில் தண்ணீர்.

நல்ல வெயில் படும் இடத்தில் வைத்து, தினமும் இடம் மாற்றுங்கள். சுவரோரம் நிழலில் மாட்டிய நாற்றுதான் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கும். வெளிச்சம் தேடி நீண்ட நோஞ்சான் அது. உயரத்தை மட்டும் வைத்து வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.

எப்போது என்ன பார்ப்பது

முதல் வாரம் ஆறு ஜோடியும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே இருக்கும். தண்டில் ஒட்டிய இரண்டு பருப்பும் சுருங்கிச் சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் உதிரும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு கப்பில் மட்டும் நான்காம் நாளே அந்தப் பருப்பைக் கிள்ளிப் பார்க்கலாம். அந்த நாற்றுக்கு மட்டும் பசி முன்கூட்டியே வரும்.

பன்னிரண்டாம் நாள் வாக்கில் பிரிவு தெரியும். தழைச்சத்து கிடைக்காத நாற்று அடி இலையில் மஞ்சளாகும். பழைய இலையில் இருந்து சத்தை எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடுவதுதான் காரணம். மணிச்சத்து கிடைக்காதது மஞ்சளாகாது. கரும்பச்சையாக, குட்டையாக, சின்ன இலையோடு நின்றுவிடும். பச்சையாக இருப்பதால் நன்றாக இருக்கிறது என்று ஏமாறுவோம்.

ஐந்தாம் ஜோடியைப் பார்த்தால் அப்போது பாவமாக இருக்கும், வெளிறிப் போயிருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மணல் தொட்டியில் பட்டாணி வளர்த்தபோது இதே பட்டினிக் கட்டத்தைத்தான் பார்த்தார்கள். வேரில் முடிச்சு உருவானதும் செடி தானாகத் தேறியது. காற்றிலுள்ள நைட்ரஜனை அந்த முடிச்சு வழியாகச் செடி எடுத்துக்கொள்கிறது என்று அவர்கள் 1888-ல் வெளியிட்டார்கள். உங்கள் கப்பிலும் மூன்றாம் வாரத்தில் புது இலை பச்சையாக வர ஆரம்பிக்கும்.

வேரைக் கழுவுங்கள்

25-ம் நாள் செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சு மணலிலேயே அறுந்துவிடும். கப்பை அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்கி, பேப்பரைக் கிழித்து, மணல் தானாக உதிர விடுங்கள். வேரின் நீளம், இலை எண்ணிக்கை, முடிச்சு எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். முதல் ஜோடியில் தண்டு சோனியாக இருந்தாலும் அதன் அளவுக்கு வேர் நீளமாக இருப்பதைக் கவனிக்கலாம். சாப்பாடு தேடி ஓடிய வேர் அது.

ஐந்தாவதில் ஒரு முடிச்சை பிளேடால் நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தயாராகவில்லை. ஆறாவது, செடி செழிப்பாக இருந்தாலும், வேரில் முடிச்சு குறைவாகவே இருக்கும். கையில் யூரியா கிடைக்கும்போது பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு வளர்ப்பானேன் என்று செடி விட்டுவிடுகிறது. இறவைப் (பாசனம் செய்யும்) பயறுக்கு எக்டருக்கு மணிச்சத்து 50 கிலோ, தழைச்சத்து 25 கிலோ மட்டும் என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஏன் என்று இந்த இரண்டு வேரையும் பக்கத்தில் வைத்தால் புரிந்துவிடும். அந்த 25 கிலோ, முடிச்சு வேலைக்கு வரும்வரை பட்டினியைத் தாண்டுவதற்குத்தான்.

முதல் நான்கு ஜோடியில் எதிலாவது முடிச்சு கண்டால், மணலை இன்னும் கொஞ்ச நேரம் வறுத்திருக்க வேண்டும், அல்லது தண்ணீர் தெறித்திருக்கிறது. அந்தக் கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.