கூப்பனோடு கடைக்குப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள்

போன ஆடித் தள்ளுபடியில் காரைக்குடியில் ஒரு பெரிய கடையில் 3,000 ரூபாய்க்குத் துணி எடுத்தோம். பில்லோடு 300 ரூபாய் கூப்பன் ஒன்றும் கொடுத்தார்கள். தீபாவளிக்கு ஆகும் என்று பீரோவுக்குள் பத்திரமாக வைத்தேன். ஐப்பசியில் எடுத்துக்கொண்டு போய் அரைநாள் அலைந்து துணியைத் தேர்ந்தெடுத்து, பில் போடும்போது நீட்டினால், கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பிக் காட்டினார். "ஆச்சி, இது 45 நாளைக்குத்தான். தேதி முடிஞ்சுபோச்சு." எழுத்து இருந்தது உண்மை. எறும்பு ஊர்ந்த மாதிரி, சாம்பல் நிறத்தில். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை, ஏனென்றால் 300 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக் காய்கறி.

கூப்பனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாதாமாதம் மளிகைக்கு 5,000 ரூபாய் செலவழிக்கும் வீட்டில், 2,000 ரூபாய்க்கு வாங்கினால் 200 குறையும் என்றால் அது பத்து சதவீதம், நல்ல பணம். அந்தப் பணம் கையில் நிற்காமல் போவது நாம் செய்யும் சில தவறுகளால்தான், அதில் பாதி நான் செய்தவை.

பின்பக்கத்தில் தேதி மட்டும் பார்த்தால் போதாது. குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், எந்தச் சாமானுக்குச் செல்லாது, ஒரு பில்லுக்கு எத்தனை கூப்பன் என்ற மூன்றையும் பாருங்கள். அரிசி, சீனி, எண்ணெய்க்குப் பல கடைகளில் கூப்பன் செல்லாது, அவற்றில் கடைக்காரருக்கு லாபம் குறைவு. நமக்கோ மாதச் செலவில் பெரிய பங்கே அவைதான். "500 ரூபாய் கூப்பன்" என்று கொடுப்பதைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து நூறு ரூபாய்ச் சீட்டு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும், ஒரு பில்லுக்கு ஒன்றுதான் என்று போட்டிருக்கும். ஆக அந்த 500 கைக்கு வர 5,000 ரூபாய் செலவழித்து ஐந்து தடவை வரிசையில் நிற்க வேண்டும். போனில் வரும் கூப்பனில் "20 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய்" என்று இருந்தால் 500 ரூபாயோடு சலுகை தீர்ந்தது, அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் நூறுதான்.

அமெரிக்காவில் பெரும்பாலும் பொருளைத் தயாரிக்கும் கம்பெனியே கூப்பன் விடும், கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு கம்பெனியிடம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். நம் ஊரில் அநேகமாக கடையே அச்சடித்துக் கொடுக்கிறது, தள்ளுபடியும் கடையின் பையிலிருந்துதான் போகிறது. அதனால் நீங்கள் இன்னொரு முறை வரவேண்டும், வந்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்கவேண்டும் என்ற கணக்கில்தான் நிபந்தனைகளை எழுதுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் நாமும் நம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, கூப்பன் தொகையை எட்டுவதற்காக வாங்குவது. பட்டியல்படி 1,400 ரூபாய்க்குத்தான் சாமான் வேண்டும், கூப்பனோ 2,000 ரூபாய்க்கு 200. இன்னும் 600 ரூபாய்க்கு எதையாவது எடுத்துப்போடுகிறோம். 1,400 கொடுக்க வேண்டிய இடத்தில் 1,800 கொடுத்துவிட்டு வருகிறோம், வீட்டில் போய் 200 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்கிறோம். நான் அப்படி ஒரு தடவை கவுனி அரிசி மூன்று கிலோ எடுத்தேன். எங்கள் வீட்டில் விசேஷத்துக்கும் விருந்தாளி வந்தாலும்தான் கவுனி அரிசி கிண்டுவோம், வருஷத்துக்கு ஒரு கிலோ ஓடினால் அதிகம். மிச்சத்தில் வண்டு விழுந்து, வெயிலில் உலர்த்திப் புடைத்தும் பாதியைக் கோழிக்குப் போடும்படி ஆகிவிட்டது. அந்த 600 ரூபாய்க்கு சோப்பு, பல்பொடி, பாத்திரம் விளக்கும் பவுடர் என்று எப்படியும் அடுத்த மாதம் வாங்கப்போவதை எடுத்திருந்தால் 200 ரூபாய் உண்மையிலேயே மிச்சம்.

ஆத்தா இன்னும் நோட்டில்தான் பட்டியல் போடுவார். சாமானுக்கு நேரே தெருமுனை மளிகைக்கடை விலையையும் எழுதி வைத்திருப்பார், அதற்கு அப்புறம்தான் கூப்பனைப் பற்றிய பேச்சு. இந்த வழக்கத்தை எல்லோரும் கடைப்பிடிக்கலாம். துவரம்பருப்புப் பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 210 என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதக் கூப்பனுக்கு 189. அதே தரத்தில் தெருமுனையில் சில்லறையாக 170க்குக் கிடைத்தால் கூப்பனால் 19 ரூபாய் நட்டம். பாக்கெட்டின் அளவும் கடைக்குக் கடை மாறும், 1 கிலோ மாதிரி தெரிவது 900 கிராமாக இருக்கும். இப்போது பாக்கெட்டுகளில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள், அதை வைத்து ஒப்பிட்டால் ஏமாற மாட்டோம். இன்னொன்று, எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று போர்டு போட்டுவிட்டு, தள்ளுபடி போன தொகைக்கு மேல் வரியைத் தனியாகச் சேர்த்தால் கேள்வி கேளுங்கள், அது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நகைக் கூப்பனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கல்யாணங்களில் பெரிய பணம் போவது அங்கேதான். முகூர்த்த மாதம் வந்தால் "கிராமுக்கு 150 ரூபாய் தள்ளுபடி" என்று பத்திரிகை மாதிரி அழகாக அச்சடித்து வீட்டுக்கே கூப்பன் வரும். கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம், ஒரு பவுன் 80,000. கூப்பன் கொடுத்த கடையில் சேதாரம் 16 சதவீதம் போட்டால் 12,800. கூப்பன் இல்லாத கடையில் அதே மாதிரிச் சங்கிலிக்கு 12 சதவீதம் போட்டால் 9,600. வித்தியாசம் 3,200, கூப்பனால் குறைவதோ 1,200. ஒரு பவுனுக்கே 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. பத்துப் பவுன் எடுக்கிற வீட்டில் இது என்ன ஆகும் என்று பாருங்கள். அதனால் கூப்பனை வெளியே எடுக்காமலேயே சேதாரம், செய்கூலி எவ்வளவு, கல்லின் எடையைக் கழித்தார்களா என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு கடையிலாவது கேளுங்கள். அப்புறம் கூப்பனைக் காட்டுங்கள். நகையில் ஹால்மார்க்கோடு இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

கவுண்டரில் எல்லாச் சாமானையும் அடித்து முடித்த பிறகு கூப்பனை நீட்டினால் பில்லைத் திரும்பத் திறக்க முடியாது என்பார்கள், பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், நாமும் கூச்சப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். முதல் சாமானை வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. கூப்பன் போட்டு வாங்கிய சட்டையை மாற்றப் போனால் நாம் கொடுத்த பணம் மட்டும் கணக்கில் வரும், கூப்பன் போனது போனதுதான், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பொருளே பழுதாக இருந்து, "கூப்பனில் வாங்கினதை எடுக்க மாட்டோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பரிசு தருவதாகச் சொல்லிவிட்டுத் தரும் எண்ணமே இல்லாமல் இருப்பதும், குலுக்கல் முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பதும் அதே கணக்கில்தான் வரும். பெட்டியில் கூப்பன் போட்டீர்கள் என்றால் முடிவு எந்தத் தேதியில், எங்கே ஒட்டுவார்கள் என்று கேளுங்கள்.

கூப்பனுக்காகப் போன் நம்பர் கேட்பார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் நம்பர் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "உங்களுக்குப் பரிசுக் கூப்பன் விழுந்திருக்கிறது, இந்த க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்கள்" என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் தொடவே தொடாதீர்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் பணம் போகும். தெரியாமல் போட்டுவிட்டால் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பில், கூப்பன் இரண்டையும் வாங்கிய அன்றைக்கே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள், பில் தாளில் எழுத்து நாளாக ஆக வெளுத்துவிடும். கடை வம்பு செய்தால் முதலில் மேலாளரிடம் பேசுங்கள், கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம் சத்தம் போட வேண்டாம், நிபந்தனை எழுதியது அவர்கள் இல்லை. அதற்கும் மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். போன் செய்யும்போது அந்த போட்டோக்கள் கையில் இருக்கட்டும்.