எல்லாவற்றுக்கும் பிசாசைக் கைகாட்டாதீர்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஜெபக்கூட்டங்களுக்குப் போய்வருகிறவர்களுக்குப் பழகிய பேச்சு இது. பையன் பரீட்சையில் தேறவில்லையா, தடையின் ஆவி. கடன் தீரவில்லையா, தரித்திர ஆவி. வயிற்றுவலி விடவில்லையா, பங்காளி வீட்டில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். தேவதூதர்களும் உண்டு, அசுத்த ஆவிகளும் உண்டு என்று வேதம் சொல்வதை முழுமனதோடு நம்புகிறவன் நான். அப்படி நம்புகிற நம் வீடுகளில்தான் இந்தத் தவறுகள் அதிகம் நடக்கின்றன.

முதல் தவறு, சாத்தானைக் கடவுளுக்கு நிகரான எதிராளியாக நினைப்பது. அவன் படைக்கப்பட்டவன். யோபு முதல் அதிகாரத்தில், அனுமதி கிடைத்த பிறகுதான் அவனால் யோபுவின் சொத்தையே தொட முடிகிறது; எதுவரை போகலாம் என்ற எல்லையையும் கர்த்தரே வைக்கிறார். இதை ஞாயிற்றுக்கிழமை கேட்டு ஆமென் சொல்லிவிட்டு வருவோம். செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தால் வீடே நடுங்கிப்போகும். உடனே ஜெப எண்ணெய் பாட்டில் வாசல் நிலைக்கு மேலே ஏறும், நாலு மூலையிலும் எண்ணெய் தெளிப்பார்கள். யாக்கோபு 5-ஆம் அதிகாரம் சொல்வது வேறு. வியாதிப்பட்டவர் சபை மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி அவருக்காக ஜெபிக்கட்டும் என்கிறது. அங்கே மனிதர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். பாட்டிலையே காவலுக்கு வைத்தால், ஒரு தாயத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கட்டிக்கொண்ட கதைதான்.

இறந்தவர்கள் பேயாக அலைகிறார்கள் என்பது சபைக்குள்ளும் ஊறிப்போன நம்பிக்கை. ஒரே தரம் மரணம், அப்புறம் நியாயத்தீர்ப்பு என்கிறது எபிரெயர் 9:27. லூக்கா 16-ல் இறந்துபோன ஐசுவரியவான், என் சகோதரர்களை எச்சரிக்க இறந்த லாசருவை அனுப்பும் என்று கெஞ்சுகிறான், அனுப்பப்படவில்லை. கத்தோலிக்கர் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இறந்தோரின் ஆன்மாக்களுக்காக ஜெபிக்கிறார்கள், சீர்திருத்த சபையார் பெரும்பாலும் அப்படி ஜெபிப்பதில்லை. இந்த வித்தியாசம் பழையது. ஆனால் ஆத்துமா புளியமரத்தில் உட்கார்ந்திருக்கும் என்று இரண்டு பக்கமும் போதிப்பதில்லை. தற்கொலையில் பிள்ளையை இழந்த வீட்டைக் காட்டிப் பேய்க்கதை சொல்வதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அதேபோல, இறந்த குழந்தை தேவதூதனாகிவிட்டது என்பதும் வேதத்தில் இல்லாத பேச்சு. தூதர்கள் வேறு படைப்பு. ஆனாலும் கல்லறையில் அழுதுகொண்டிருக்கிற தாய் அப்படிச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள்.

சிவராத்திரி முடிந்து பாலாற்றில் மயானக் கொள்ளை நடக்கும் நாட்களில் சிலர் அக்கம்பக்கத்தாரின் சாமிகளைப் பிசாசு என்று வாய்கூசாமல் பேசுகிறார்கள். விக்கிரகங்களைப் பற்றிப் பவுல் கடுமையாக எழுதியது உண்மை. ஆனால் அவர் எபேசுவில் ஊழியம் செய்தபோது எழுந்த கலகத்தில், இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே கூட்டத்துக்கு முன்னால் சாட்சி சொன்னார். அப்போஸ்தலர் 19-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இதையெல்லாம்விட உயிரோடு விளையாடுகிற தவறு, நோயைப் பேய் என்று முடிவுகட்டுவது. மத்தேயு 4:24-ல் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு வருகிறவர்கள்), திமிர்வாதக்காரர்கள் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லியிருக்கிறது. மத்தேயு 17-ல் வலிப்பு வந்த பையனிடமிருந்து இயேசு பிசாசைத் துரத்தினாரே என்று கேட்பீர்கள். சரி, துரத்தினார். எது நோய், எது பிசாசு என்று பார்த்தவுடன் அறிந்தவர் அவர். அந்த ஒரு பையனை வைத்து, காக்கா வலிப்பு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அதே பெயரை ஒட்ட நமக்கு அதிகாரம் இல்லை. விசுவாசத்தைக் காட்டுகிறேன் என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வந்து உயிரே போகலாம்.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பிரசவம் ஆகி இரண்டு வாரம்கூட ஆகாத பெண். தூக்கமே இல்லை, தனியாகப் பேசுகிறாள், குழந்தையைப் பார்த்து இது என் பிள்ளை இல்லை என்கிறாள். தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "உன் பேர் என்ன, சொல்!" என்று அதட்டுகிறார். அவளோ தண்ணீர் கேட்கிறாள். உபவாசம் என்று கொடுக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு வருகிற கடுமையான மனநோய் இது. தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மருந்தில் குணமாகும். தூக்கத்தில் விழித்தும் கைகால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருக்கிற 'அமுக்குவான் பேய்'கூடத் தூக்கம் கலையும்போது உடம்பு விழிக்கத் தாமதிப்பதால் வருவதுதான்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப்பணி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக, சி.எம்.சி.யாக நிற்கிற ஊர் இந்த வேலூர். அதே சி.எம்.சி. 1950-களிலேயே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்க வழிசெய்தது. ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயரின் தனி அனுமதி இல்லாமல் குருவானவர்கூடப் பேயோட்டக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். நோயில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளவும் அந்தத் திருச்சபை சொல்கிறது. மாற்கு 5-ல் லேகியோன் என்ற அசுத்த ஆவிகளின் கூட்டம் பிடித்தவனுக்குச் சங்கிலி போட்டவர்கள் ஊரார்தான். இயேசு ஆவிகளைத் துரத்திய பிறகு அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை நம் நாட்டின் 2017 மனநலச் சட்டமும் தடைசெய்கிறது.

எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்கிறது 1 யோவான் 4:1. ஊழியக்காரருக்கும் அது பொருந்தும். மாத்திரையை நிறுத்து என்கிறாரா, அடிக்கிறாரா, பட்டினி போடுகிறாரா, பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போங்கள் என்கிறாரா, விடுதலைக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அங்கே நிற்காதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் போதகரையும் கூப்பிடுங்கள், வண்டியில் கூடவே வந்து ஜெபிக்கட்டும்.