பேனா கடைய வாங்கும் கட்டை: தொடக்கத்தில் செய்யும் தவறுகள்

லேத்தில் கட்டையைச் சுழற்றி உளியால் பேனா கடையப் புதிதாக வருகிறவர்கள் உளி பிடிப்பதில் தடுமாறினாலும் பத்துக் கட்டைக்குள் கை பழகிவிடும். பழகாமல் நிற்பது பொருள் வாங்கும் பழக்கம். கட்டை, கிட் (பேனாவின் உலோகப் பாகங்கள் அடங்கிய தொகுப்பு), பசை என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆள்தான் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. கண்ணாடி மாட்டாமல் லேத் முன்னால் நிற்பது, மழுங்கிய உளியால் சுரண்டுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இங்கே பொருளைப் பற்றி மட்டும்.

மாடலுக்கு ஒன்றாகக் கிட் வாங்குவது

ஸ்லிம்லைன் ஒன்று, சிகார் ஒன்று, போல்ட் ஆக்‌ஷன் ஒன்று என்று ஆசையாக அள்ளிக்கொண்டு வருவார்கள். கட்டையைத் துளைத்து உள்ளே ஒட்டும் பித்தளைக் குழாயின் விட்டம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. அதனால் டிரில் பிட் வேறு, புஷ் (கடையும்போது கட்டையின் இரு முனையிலும் மாட்டி, எந்த விட்டம்வரை கடையலாம் என்று காட்டும் உலோக வளையம்) வேறு. ஸ்லிம்லைனுக்கு 7 மி.மீ. பிட், சிகாருக்கு 10 மி.மீ. பிட். வந்த கிட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் புஷ் இல்லை என்று தெரியும். ஒரே ஸ்லிம்லைன் மாடலில் ஐந்தாறு கிட், அதற்கான புஷ் ஒரு செட், 7 மி.மீ. பிட் ஒன்று, குழாயின் விளிம்புக்குச் சமமாகக் கட்டையின் முனையைச் சீவ ஒரு பேரல் டிரிம்மர்: இவ்வளவு போதும். ஒரே அளவில் திரும்பத் திரும்பக் கடைந்தால்தான் எது கையின் பிழை, எது மரத்தின் பிழை என்று பிரித்தறிய முடியும்.

காய்ந்திருக்கிறது என்று நம்பி வாங்கிய கட்டை

எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஏனென்றால் லேத்தில் இருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பேனா அழகாக வரும், மினுமினுக்கும், பரிசாகவும் கொடுத்துவிடுவார்கள். சில வாரம் கழித்து, குழாயின் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருக்கும். கிட்டின் பாகங்கள் அழுத்திச் செருகப்பட்டவை. கழற்றப் போனால் பெரும்பாலும் முலாம் கீறும் அல்லது பாகம் வளையும். ஆக, கட்டையோடு கிட்டும் போயிற்று.

காரணம் எளிது. பித்தளை சுருங்காது, மரம் சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுருக்கம் தொடங்கும். நார் ஓடும் திசையில் அது மிகக் குறைவு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம். மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் ஏறக்குறைய அதில் பாதி. 20 சதவீத ஈரத்தில் கடைந்த கட்டை பிறகு 10 சதவீதத்துக்கு இறங்கினால் பல மரங்கள் குறுக்குவாட்டில் சராசரியாகச் சுமார் 2 சதவீதம் சுருங்கும். ஸ்லிம்லைனின் புஷ் இருக்கும் இடத்தில் பேனாவின் விட்டம் 8 மி.மீ. சொச்சம், சுற்றளவு 26 மி.மீ. அளவு. அதில் 2 சதவீதம் என்றால் அரை மில்லிமீட்டர். உள்ளே இருப்பதோ அசையாத 7 மி.மீ. குழாய். அதைப் போர்த்தியிருக்கும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எங்காவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

மெழுகில் முக்கியெடுத்த கட்டைகளில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆறு பக்கமும் மெழுகு பூசியிருந்தால், வழியில் வெடிக்காமல் இருக்கப் பச்சையாகவே மூடி அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகு இருக்கும்வரை உள்ளே ஈரமும் இருக்கும், எத்தனை நாள் அலமாரியில் கிடந்தாலும். நான்கு பக்கவாட்டு மெழுகையும் சுரண்டிவிட்டு, இரு முனைகளில் மட்டும் விட்டுவையுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறும். அங்கே மூடியிருந்தால்தான் வெடிக்காமல் நிதானமாகக் காயும்.

தோட்டத்தில் வெட்டிய மாங்கிளையில் நினைவுக்கு ஒரு பேனா வேண்டும் என்று கேட்பதும் அடிக்கடி நடக்கும். தாராளமாகச் செய்யலாம், இந்த வாரம் அல்ல. பலகையாகக் கிடக்கும் மரத்துக்கு அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது காற்றில் உலர்த்தும் பழைய கணக்கு. கிளையை முழுதாக வைத்தால் நடுத்தண்டைச் சுற்றிப் பிளக்கும். ஆகவே முதலில் நடுத்தண்டை ஒதுக்கிவிட்டு 22 மி.மீ. சதுரமாக அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, கட்டைகளுக்கிடையே காற்றுப் புகும்படி அடுக்குங்கள். மரத்தின் பெயரையும் அறுத்த தேதியையும் கட்டையிலேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி தெரியும்.

காய்ந்ததா என்று அறிய ஈரமானி வாங்க ஓட வேண்டாம். ஊசி வைத்த மலிவு மானி மேல்தோலைத்தான் படிக்கும். தராசு நம்பகமானது. ஆனால் ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒற்றைக் கட்டைக்குப் பயன்படாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 × 20 × 130 மி.மீ. கட்டை நடுத்தர அடர்த்தியுள்ள மரத்தில் 36 கிராம் அளவு வரும். 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை இறங்க அது இழக்க வேண்டிய நீர் மொத்தமே 3 கிராம். கடைசி வாரங்களில் குறைவது 0.2, 0.3 கிராம்தான், தராசின் முள் அசையாது, காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கடைந்துவிடுவார்கள். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வாங்குங்கள், அல்லது பத்துக் கட்டையைச் சேர்த்துக் கட்டி நிறுங்கள். வாரம் ஒருமுறை எடையைக் கட்டையிலேயே குறித்துவாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால், அது இருக்கும் அறைக்கு ஏற்பக் காய்ந்துவிட்டது.

அவசரம் என்றால், முழுக்கக் காயாத கட்டையில் 7 மி.மீ. துளையை மட்டும் போட்டு வைக்கலாம். உள்ளிருந்தும் காயும். துளை சுருங்கி முட்டை வடிவாகும்; எடை நின்ற பிறகு அதே பிட்டை மறுபடி ஓட்டிவிட்டுக் குழாயைச் செருகலாம். மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பது வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கருகும்.

ஈரக் கட்டை முன்கூட்டியே சில அடையாளங்கள் காட்டும். பிட்டின் பள்ளத்தில் துகள் பொடியாக உதிராமல் பிசைந்து ஒட்டும். சீவல் நீண்ட நாடாவாக, தொட்டால் குளிர்ச்சியாக வரும். சூப்பர் குளூ ஈரத்தால் இறுகும் பசை; ஆகவே குழாய் பாதி நுழைந்ததுமே கவ்விக்கொண்டு நகர மறுக்கும். அதே பசையை மேற்பூச்சாகப் பூசினால் வெண்மையாகப் புகைமூட்டம் போடும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் கட்டையைத் திரும்ப அடுக்கில் வையுங்கள்.

இத்தனை தொல்லையும் இல்லாத மரம் தச்சுப் பட்டறையின் கழிவுப் பெட்டியில் கிடக்கிறது. மேசை, கதவு செய்த தேக்குத் துண்டு, பல ஆண்டு வீட்டுக்குள் இருந்து உடைந்த நாற்காலிக்கால் இரண்டும் காய்ந்தவை. ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஸ்லிம்லைனுக்கு 53 மி.மீ. அளவில் இரண்டு குழாய். ஒவ்வொன்றிலும் சீவ 3 மி.மீ. கூடுதல், இடையே ரம்பம் தின்னும் இடம். 120 மி.மீ. நீளமும் 15 மி.மீ. சதுரமும் உள்ள துண்டு போதும்.

பார்வைக்கு மயக்கும் மரம்

முடிச்சு மரம், பூஞ்சைக் கோடு ஓடிய மரம், பாம்புத்தோல் மரம்: முதல் பத்துப் பேனாவுக்குத் தொடாதீர்கள்.

எண்ணெய்ப் பசையுள்ள மரம்

ஈட்டி, கொகோபோலோ, ஆலிவ் போன்றவற்றில் இயற்கை எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. கடையும்போது குழாயிலிருந்து கட்டை கழன்று சுழலும். குழாய் செருகுவதற்கு முன் துளையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானதும் எபாக்ஸி பசை போடுங்கள். குழாயின் மேற்பரப்பை 150 எண் உப்புத்தாளால் கீறிவிடுவது எந்த மரத்துக்கும் பொருந்தும். கொகோபோலோத் தூள் பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். இன்னொன்று: ஈட்டி, கொகோபோலோ அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான உடன்படிக்கை) கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லை தாண்டி வரவழைத்தால் உரிய தாள் கேட்பார்கள்.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

அக்ரிலிக்கும் பாலியெஸ்டர் பிசினும் படத்தில் ஒரே மாதிரி மின்னும். பாலியெஸ்டர் நொறுங்கும் குணமுள்ளது. உளி சற்றே அழுந்தினால் சில்லு தெறிக்கும், சில சமயம் குழாய்வரை. முதலில் அக்ரிலிக் வாங்குங்கள். துளையிடும்போது 10 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள்; சூடேறினால் உருகிப் பிட்டைப் பிடிக்கும். மறுமுனை வரை துளைத்தால் வெளியேறும் இடத்தில் வெடித்துவிடும். கட்டையைச் சற்று நீளமாக வைத்து, மறுமுனையை எட்டுமுன் நிறுத்தி, அந்தத் துண்டை அறுத்து எறிவது நல்லது. ஒளி ஊடுருவும் நிறமென்றால் உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரியும். குழாயின் வெளிப்புறத்துக்கு அதே நிறத்தில் சாயம் பூசிக் காயவிட்டுச் செருகுங்கள்.

முலாம்

கிட்டின் பாகங்களில் பூசிய மெல்லிய தங்கமுலாம் விரல் படும் இடத்தில் சீக்கிரம் தேயும். குரோம் வாங்குங்கள்.