சிவனின் போர்க்கோலங்களை அடையாளம் காண்பது எப்படி?

கோஷ்டத்திலோ (கோயில் சுவரில் உள்ள மாடம்) தூணிலோ சிவன் சண்டைக்கோலத்தில் நின்றால், முதலில் பின்கைகளை, அதாவது பின்னால் உள்ள இரண்டு கைகளை, விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும் மழுவும் (கோடரி) மானும் பல சிவ வடிவங்களுக்குப் பொது. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முன்கைகள் (முன்னால் உள்ள இரண்டு கைகள்), பாதம், பாதத்தின் கீழே இருப்பது, பக்கத்தில் நிற்பவர் என்ற வரிசையில் பாருங்கள்.

அதிகம் தடுமாற வைப்பவர் திரிபுராந்தகர், அசுரர்களின் முப்புரங்களை எரித்த சிவன். செப்புத் திருமேனியில் வில் பெரும்பாலும் தனியாகச் செய்து பொருத்தியதாக இருக்கும். அதனால் தொலைந்தும் போயிருக்கும். மிஞ்சுவது விரல்கள்தான். இடது முன்கை தோள் உயரத்துக்குத் தூக்கி, வில்லைப் பற்றியதுபோல் விரல்கள் வளைந்திருக்கும். வலது முன்கை கீழே இறங்கி, அம்பைப் பிடித்த பாவனையில் நிற்கும். இராமரோ என்று சந்தேகம் வந்தால் கைகளை எண்ணுங்கள், தலையைப் பாருங்கள். இரண்டு கை, கிரீடம் என்றால் இராமர். நான்கு கை, சடாமகுடம் (சடையை மகுடம்போல் உயர்த்திக் கட்டியது) என்றால் சிவன். காலடியில் முயலகன் என்ற குள்ள அசுரன் கிடந்தால் உடனே நடராசர் என்று சொல்லிவிடாதீர்கள், திரிபுராந்தகரும் அவன்மேல் இடதுபாதம் வைத்து நிற்பதுண்டு. வீணை ஏந்திய சிவனான வீணாதரருக்கும் ஏறக்குறைய இதே கையமைப்புதான். வில்லும் இல்லை, வீணையும் இல்லை என்றால் அடித்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

தேரில் நின்றால் சிக்கலே இல்லை, திரிபுராந்தகர்தான். முப்புரம் எரித்த கதையில் பூமி தேர், சூரிய சந்திரர் சக்கரம், நான்கு வேதங்கள் குதிரை, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. சாரதி பிரமன் என்பதால் தேர்த்தட்டின் முன்னால் தாடியோடு சில முகங்கள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்தில் எட்டுக் கைகளோடு இப்படித்தான் வருகிறார். அதே கோயிலின் விமான மேல்வரிசை மாடங்களிலும் திரிபுராந்தகர் திரும்பத் திரும்ப நிற்கிறார். கீழிருந்து கண்ணுக்கு எட்டாது, பைனாகுலர் வேண்டும்.

யானை வடிவ அசுரனைக் கொன்ற கஜசம்ஹாரர் எளிது: யானைத்தோல் முதுகுக்குப் பின்னால் திருவாசிபோல் (சிலையைச் சுற்றி நிற்கும் வளைவு) விரிந்திருக்கும், கீழே யானைத்தலை. தோலின் ஓரத்தில் யானையின் கால்கள் தொங்குவதைத் தவறவிடாதீர்கள். வழுவூரில் பக்கத்தில் அம்மை குழந்தை முருகனோடு நிற்கிறாள். தாராசுரத்துக் கற்சிற்பம் இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

எமன் உதைபட, லிங்கத்தைக் கட்டிக்கொண்ட சிறுவன் இருந்தால் காலசம்ஹாரர், திருக்கடவூர்க் கதை. சூலத்தில் அசுரன் தொங்கினால் அவன் அந்தகன், அந்தக் கதையின் தலம் திருக்கோவலூர். வாளும் கேடயமும் ஏந்தியவர் அருகே ஆட்டுத்தலையோடு ஒருவர் கும்பிட்டு நின்றால் அவர் தக்கன். நடுவில் நிற்பவர் வீரபத்திரர்.

உற்சவரைப் பார்ப்பதானால் அபிஷேக நேரத்தில் போங்கள். அலங்காரம் ஆனபின் பட்டும் மாலையும் பாதத்தையும் முன்கையையும் மூடிவிடும்.