ஏரி கெடுவது கால்வாயில்தான்: பெங்களூரில் ஏரி நீரையும் வெள்ளத்தையும் சேர்த்துக் கவனிக்கும் வழி

பெங்களூரு மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே விழும் மழை ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி என மூன்று பள்ளத்தாக்குகளில் பிரிந்து இறங்குகிறது. முதல் இரண்டும் கிழக்கே போய்த் தென்பெண்ணையில் சேர்கின்றன, மூன்றாவது அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் பொங்கும் நுரைக்கும் தென்பெண்ணையில் உள்ள ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மிதக்கும் நுரைக்கும் தொடர்பு இதுதான்.

மேல் ஏரியின் கலங்கல் (நிறைந்த நீர் வெளியேறும் தாழ்ந்த சுவர்) வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் என்ற கணக்கில் கட்டப்பட்ட சங்கிலி இது. நடுவில் ஓடும் ராஜகால்வாய், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், அடைபட்டால் வெள்ளம் வருகிறது. அதில் சாக்கடை கலந்தால் ஏரி நாறுகிறது. இரண்டுக்கும் வேலை ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். கரையில் நடைபாதை, வேலி, பெஞ்ச் எல்லாம் போட்டு முடித்த பிறகும் தண்ணீர் கறுப்பாகவே இருக்கிறதென்றால், பணம் தவறான முனையில் செலவாகியிருக்கிறது.

முதலில் கால்வாயோடு நடங்கள்

கர்நாடக அரசின் ‘திஷாங்க்’ செயலியில் நிற்கும் இடத்தின் சர்வே எண் தெரியும். பழைய கிராம வரைபடத்தில் உள்ள ஏரி எல்லையையும் கால்வாய்க் கோட்டையும் அதோடு ஒப்பிட்டு, உங்கள் ஏரிக்கு எந்தெந்தத் தெருக்களின் தண்ணீர் வருகிறது என்று ஒரு படம் வரையுங்கள். மேடு பள்ளம் வரைபடத்தில் சரியாகத் தெரியாத இடத்தில், மழை பெய்யும்போது தெருமுனையில் நின்றால் தண்ணீர் போகும் திசை கண்ணுக்கே தெரியும்.

பிறகு மார்ச்சிலோ ஏப்ரலிலோ, குறைந்தது மூன்று நாள் மழையில்லாத காலையில் ஏரி முகத்திலிருந்து, அதாவது கால்வாய் ஏரியில் நுழையும் இடத்திலிருந்து, மேல்நோக்கி நடக்க வேண்டும். காலை ஆறரை முதல் ஒன்பது வரை சரியான நேரம். வீடுகளில் குளியலும் துவையலும் நடக்கும்போதுதான் குழாய்கள் முழு வேகத்தில் கொட்டும். மழையில்லாத நாளில் மழைநீர்க் கால்வாயில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். ஒவ்வொரு குழாய் வாயையும் குறித்துக்கொள்ளுங்கள்: விட்டம் எத்தனை அங்குலம், எந்தக் கரை, என்ன நிறம், என்ன வாடை, கைப்பேசியில் இடக்குறிப்போடு ஒரு படம். வெள்ளை நுரையும் சோப்பு வாடையும் என்றால் குளியலறை, துவைக்குமிடம். கறுத்து, அழுகின முட்டை வாடையோடு குமிழி விட்டால் நெடுநாள் தேங்கிய கழிவு. சூடாகவோ சாயம் கலந்தோ வந்தால் தொழிற்கூடம். இது மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டிய புகார். மற்றவை பெங்களூரு குடிநீர் வாரியத்துக்கு, உதவி எண் 1916. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். சரிசெய்துவிட்டோம் என்று சொன்ன இடத்தை இரண்டு வாரம் கழித்து, மீண்டும் மழையில்லாத காலையில் போய்ப் பாருங்கள். ஒரு குழாயை அடைத்தால் அதே கழிவு பத்தடி தள்ளி வேறு வழியில் வெளிவருவது சாதாரணம்.

கால்வாய்ப் படுகையிலேயே அமைந்த மேன்ஹோல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் பாதாளச் சாக்கடைக் குழாயே கால்வாய்க்குள்தான் ஓடுகிறது. மூடி உடைந்தால் மழைநீர் உள்ளே இறங்கும், அடைப்பு வந்தால் கழிவு வெளியே பொங்கும். அடைப்பு எடுக்க யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது, உள்ளே தேங்கும் வாயு நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். நீரை வேகமாகப் பாய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டிதான் வர வேண்டும்.

மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது?

கனமழையில் சாக்கடை தெருவில் பொங்க முக்கியமான காரணம், வீட்டு மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் இணைத்திருப்பது. வீட்டுக் கழிவுக்கென்று அளவெடுத்த குழாய் மழையைத் தாங்காது. சோதிப்பது எளிது. ஒரு வாளித் தண்ணீரில் சமையல் நிறப்பொடி கலந்து மாடிக் குழாயில் ஊற்றுங்கள், கீழே ஒருவர் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்கட்டும். நிறம் அங்கே தெரிந்தால் இணைப்பு தவறு.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் அபார்ட்மெண்ட் வளாகம் 4,047 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை கொட்டினால் இரண்டு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் விழுகிறது. கூரையும் சிமெண்ட் தரையுமாக இருக்கும் வளாகத்தில் அதில் 1.7 லட்சம் லிட்டர் வெளியே ஓடும். இதைக் கால்வாய்க்கு அனுப்பாமல் வளாகத்துக்குள்ளேயே பிடித்து நிறுத்துவதுதான் வெள்ளத்துக்கும் ஏரிக்கும் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஐந்தடி விட்டம், இருபதடி ஆழம் உள்ள உறைகிணறு ஒன்றில் சுமார் 11,000 லிட்டர் நிற்கும். பத்துக் கிணறும் 50,000 லிட்டர் தொட்டியும் இருந்தால் மேலே சொன்ன மழையில் ஏறக்குறைய முழுவதையும் பிடித்துவிடலாம். நகரில் பரம்பரையாகக் கிணறு வெட்டும் குழுக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வைத்தே வெட்டுங்கள், மண் எங்கே சரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிமெண்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிப்பக்க இடைவெளியில் 20 முதல் 40 மி.மீ. ஜல்லி நிரப்ப வேண்டும். அடியில் கான்கிரீட் போடக் கூடாது. மேலிருந்து இரண்டு மூன்று உறைகளின் இணைப்பை மட்டும் பூசலாம், கீழே உள்ளவை பூசாமல் இருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று எல்லா இணைப்பையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்த கிணறு வெறும் தொட்டி. ஒரு மழையில் நிறையும், அடுத்த மழைக்கு வழியும்.

கிணற்றுக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் வண்டல் தொட்டி கட்டி, கிணற்றுக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். மணல் கீழே தங்கும், தெளிந்த நீர் போகும். மே மாதத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு முறை அந்தத் தொட்டியை அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் வண்டல் கிணற்றின் அடியில் படிந்து தண்ணீர் இறங்குவது நின்றுபோகும். கழிவுநீர்ச் சேம்பரிலிருந்து குறைந்தது முப்பதடி, கட்டட அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி இடம் பாருங்கள். ஏரியை ஒட்டிய தாழ்வான மனைகளில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். அங்கே கிணறு வெட்டினால் பேஸ்மெண்டில் ஊறும், தொட்டிதான் சரி.

ஏரி முகத்தில்

கால்வாய் ஏரியில் நுழையும் இடத்தில் மூன்று அடுக்கு தேவை: குப்பைத் தடுப்பு, வண்டல் குட்டை, நாணல் படுகை.

குப்பைத் தடுப்புக்குச் செயின்லிங்க் வலை கட்டாதீர்கள். ஒரு மழையில் பிளாஸ்டிக் பை ஒட்டிச் சுவராகி, பின்னால் தெருவில் தண்ணீர் ஏறும். இரும்புக் கம்பிகளைச் செங்குத்தாக, முதல் வரிசையில் 10 செ.மீ., இரண்டாவதில் 5 செ.மீ. இடைவெளியில், வாரி இழுக்க வசதியாகச் சாய்வாக நிறுத்துங்கள். மேலே தண்ணீர் வழிந்தோட இடம் இருக்க வேண்டும். மழைக்கு முந்தைய நாளும் மறுநாளும் வாரியே ஆக வேண்டும். வண்டல் குட்டை கால்வாயைவிட அகலமாக இருந்தால்தான் வேகம் குறைந்து மணல் படியும். ஜேசிபி இறங்கச் சரிவுப்பாதை இல்லாமல் கட்டிய குட்டையை யாரும் தூர்வாரப் போவதில்லை. வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் எல்லாம் திரும்ப உள்ளே வரும், அன்றே லாரியில் ஏற்றுங்கள்.

நாணல் படுகையில் தண்ணீர் 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சம்பு, கல்வாழை, வெட்டிவேர் நன்றாக வரும். தண்ணீர் நேர்க்கோட்டில் ஓடாமல் வளைந்து வளைந்து போகச் சிறு வரப்புகள் போடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் நிறையவே மீந்திருக்கும். ஆகாயத்தாமரைக்கும் பச்சைப் பாசிக்கும் அதுதான் உரம். ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையம், அடுத்து நாணல் படுகை, அதன் பிறகே ஏரி என்று வைத்தது இதற்காக. ஆண்டுக்கு ஒருமுறையாவது சம்பை அறுத்து வெளியே எடுத்துப் போட வேண்டும். அறுக்காமல் விட்டால் அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். பெருவெள்ளம் படுகையைப் பிய்த்துக்கொண்டு போகாதபடி பக்கவழி ஒன்றும் வையுங்கள்.

கழிவுநீரை ஏரிக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோகும் சுற்றுக்கால்வாயில் திருப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நகரத்து ஏரிகள் பலவும் கோடையில் நிறைந்திருப்பதே கழிவுநீரால்தான். முழுவதும் திருப்பினால் ஏப்ரலில் ஏரி வற்றும், மழைநீரும் அதே சுற்றுக்கால்வாயில் வெளியே போய்விடும். மதகுப் பலகை வைத்து இயக்குவதுதான் சரி: கோடையின் முதல் இரண்டு மூன்று மழை, தெரு அழுக்கையும் கால்வாய் அடிச்சேற்றையும் மொத்தமாகக் கிளப்பிக் கொண்டுவரும், அதை வெளியே விடுங்கள். பிறகு வரும் மழையை உள்ளே எடுங்கள். கோடையின் முதல் மழைகளுக்குப் பின் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்தச் சேற்றால்தான். அது ஒரே இரவில் நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

ஆக்சிஜனை அளப்பது சூரியன் எழுவதற்கு முன். பாசி மண்டிய ஏரியில் பிற்பகலில் லிட்டருக்கு 10 மி.கி. காட்டும், அதே ஏரி விடியலில் 2 மி.கி.க்கும் கீழே இருக்கும். மீன் வாழும் நீருக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘டி’ வகுப்பு அளவு: ஆக்சிஜன் 4 மி.கி.க்குக் குறையாமல், பிஎச் 6.5 முதல் 8.5 வரை, தனி அம்மோனியா 1.2 மி.கி.க்கு மிகாமல். பாசியால் பிஎச் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும், ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதி வையுங்கள். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்து நின்றால் உடனே வரத்தை நிறுத்தி, காற்றூட்டியை ஓடவிடுங்கள்.

மழைக்கு ஏரியில் இடம் வேண்டும்

விளிம்பு வரை நிறைந்த ஏரி வெள்ளத்தைத் தடுக்காது. 50 ஏக்கர் ஏரியில் நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால் சுமார் 10 கோடி லிட்டருக்கு இடம் கிடைக்கிறது. ஜூனுக்கு முன்னும் ஆகஸ்ட் கடைசியிலும் இதைச் செய்ய வேண்டும். இந்நகரில் செப்டம்பர்தான் அதிகம் பெய்யும் மாதம், 2022இல் மகாதேவபுரா பக்கம் வீடுகள் மூழ்கியதும் செப்டம்பரில்தான். இறக்கும் வரிசை கீழிருந்து மேலே: சங்கிலியின் கடைசி ஏரி முதலில், பிறகு அதற்கு மேலுள்ளது. மேல் ஏரியை முதலில் திறந்தால் கீழே உள்ளவர்கள் வெயில் நாளிலேயே மூழ்குவார்கள். கீழ் ஏரிக் குழுவுக்குச் சொல்லாமல் மதகைத் தொடவே கூடாது, ஏரிக்குப் பொறுப்பான பொறியாளரின் ஒப்புதலும் வேண்டும். பழைய பாசன மதகுகள் பல ஏரிகளில் மண் மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துப் பழுதுபார்ப்பது கோடை வேலை.

கலங்கலின் மேல் மணல்மூட்டையோ கான்கிரீட்டோ வைத்து உயர்த்தியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். படகு விடவும் அழகுக்கும் உயர்த்திய ஓரடி, மேல்பக்கத்து வீடுகளின் வாசலில் போய் நிற்கும். கரையின் வெளிச்சரிவில் நடந்து கசிவைப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் குறித்து வைத்துக் கண்காணிக்கலாம். சேறு கலந்து கசிந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், அன்றைக்கே பொறியாளரை வரவழைக்க வேண்டும். நண்டு, எலி வளைகளையும் கரையில் வேர்விட்ட பெரிய மரங்களையும் பட்டியலில் சேருங்கள்.

ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் கலங்கல் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு, தேதியையும் அன்றைய மழையளவையும் பக்கத்தில் எழுதுங்கள். மழையளவைக் கர்நாடக மாநிலப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் அருகிலுள்ள மானியிலிருந்து எடுக்கலாம். அடுத்த ஆகஸ்டில் எத்தனை அடி இறக்குவது என்று பொறியாளரோடு பேச உட்காரும்போது, அந்தக் கோடுகளின் புகைப்படத்தையும் கால்வாய்ப் படத்தையும் மேசைமேல் வையுங்கள்.