சேலத்து மாரியம்மன் பண்டிகை: நேர்த்திக்கடனில் எங்கே தவறுகிறோம்?

ஆடி வெள்ளிக்கு லீவு போட்டுச் சேலத்துக்கு வந்து இறங்கி, "பண்டிகை எங்கேங்க?" என்று கேட்பவர்கள் வருஷா வருஷம் உண்டு. மற்ற ஊர்களுக்கு ஆடி என்றால் வெள்ளி, சேலத்துக்குப் புதன். கோட்டை மாரியம்மனுக்கு ஊர் திரண்டு பொங்கல் வைப்பது ஆடியின் பிற்பாதியில் வரும் புதன்கிழமையில்தான். உள்ளூர் விடுமுறையும் அன்றைக்கே; 2023-ல் அது ஆகஸ்ட் 9. பூச்சாட்டு, கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, சக்தி கரகம், பிறகு பொங்கல், உருளுதண்டம் (கோயிலைச் சுற்றித் தரையில் உருண்டு வருவது), கடைசியில் மஞ்சள் நீராட்டு. இந்த வரிசையில் எந்த நாள் உங்கள் வேண்டுதலுக்கு உரியது என்று கோயில் அழைப்பிதழைப் பார்த்து முடிவு செய்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.

அடுத்த குழப்பம், எல்லாமே கோட்டையில் நடக்கும் என்று நினைப்பது. எட்டுப் பேட்டைக்கும் பெரிய மாரி கோட்டையில் இருப்பவள் என்பது சரி. ஆனால் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அன்னதானப்பட்டி என்று ஒவ்வொரு பேட்டைக்கும் தனி மாரியம்மன், தனி முறை. சாமி வேஷம் கட்டி வண்டியில் வரும் வண்டி வேடிக்கைக்குப் பேர்போனது குகை. தேர் பார்க்க வேண்டுமானால் செவ்வாய்ப்பேட்டை. வண்டி வேடிக்கை இரவு நிகழ்ச்சி. அந்தத் தெருவுக்குள்ளேயே காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் விடியும்வரை எடுக்க முடியாது. பக்கத்திலேயே ஏற்காடு, சேர்வராயன் கோயில் திருவிழாவையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்று மலையேறுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் திருவிழா மே மாதத்திலேயே முடிந்திருக்கும். ஆடியில் போனால் குனிந்து நுழையும் குகைக்கோயிலை மட்டும் கும்பிட்டு வரலாம்.

காப்பு கட்டுவது பெரிய பொறுப்பு. கட்டியவர் பண்டிகை முடியும்வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, கவிச்சி கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. நடுவில் பெங்களூருக்கு ஆபீஸ் போய்த் திரும்ப வேண்டியவர்கள் கட்டாமல் இருப்பதே நல்லது. பால்குடமோ மாவிளக்கோ வேண்டிக்கொண்டால் ஒரு நாள் விரதத்தோடு முடிந்துவிடும்.

மாவிளக்கில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். காரணம் கடை மாவு. பாக்கெட் அரிசி மாவு எலும்பாகக் காய்ந்திருக்கும். வெல்லம் சேர்த்தாலும் உதிரும். உடனே தண்ணீர் தெளிப்பார்கள், மாவு சேறாகும், விளக்கு எரிந்த சூட்டில் ஒரு பக்கம் சரியும். மறுநாள் புளித்த வாடையும் வந்துவிடும். மாவிளக்கு மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. ஊறிய அரிசியில் இருக்கும் ஈரமும் அது கரைக்கும் வெல்லமும் சேர்ந்துதான் பிடிப்பு.

அரை கிலோ பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். அரை மணி நேரத்தில் தொட்டால் கையில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி விரலில் ஒட்டக் கூடாது. வெயிலில் போட்டால் பதம் தாண்டிவிடும். மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலித்ததும் ஒரு பிடி மாவை அமுக்கிப் பாருங்கள்: கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். துருவிய வெல்லம் 300 கிராம், ஏலக்காய் நாலு, நெய் இரண்டு ஸ்பூன். வெல்லத்தைப் பாகாக்கி ஊற்றினால் அதிரச மாவுதான் கிடைக்கும். பிசைந்ததும் முதலில் பொலபொலவென்றுதான் இருக்கும். அங்கேதான் கை தண்ணீர்ச் சொம்புக்குப் போகும், போக வேண்டாம். மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பிசைந்தால் தானாக உருண்டு வரும். வெல்லம் 350 கிராமைத் தாண்டினால் சூட்டில் இளகி வழியும்.

இரண்டு உருண்டையாகப் பிடித்து, நடுவில் கட்டைவிரலின் முதல் கணு அளவுக்கு மட்டும் குழி. ஆழம் கூடினால் அடி விரிசல் விட்டு நெய் தட்டில் இறங்கிவிடும். திரி சுண்டுவிரல் தடிமனில், நெய்யில் முன்கூட்டியே ஊறியதாக இருக்கட்டும். தீப எண்ணெய் என்று விற்பதை ஊற்றாதீர்கள். அது சமையலுக்கான எண்ணெய் இல்லை, அந்த மாவையோ வீட்டில் எல்லோரும் சாப்பிடப் போகிறோம். நோய் தீர்ந்ததற்காகப் படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் மாவிளக்கு போடுபவர்கள், நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, அதன்மேல் வாழையிலை, அதன்மேல் விளக்கு என்று வைக்க வேண்டும். நெய் பாதிக் குழிக்கு மேல் வேண்டாம், மூச்சு இழுக்கும்போது ததும்பும். ஊதியும் அணைப்பதில்லை; தானாக மலையேறட்டும், அவசரமென்றால் ஒரு பூவால் திரியை அழுத்தினால் போதும்.

பொங்கல் பானைக்கு வருவோம். புதுப் பானையை வாங்கின கையோடு அடுப்பில் ஏற்றினால் பட்டென்று விரிசல் விடும். முந்தின ராத்திரியே தண்ணீரில் மூழ்கவைத்து, காலையில் எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் மஞ்சள் கொத்து கட்ட வேண்டும். "ஏன்க்கா எங்க பானை மட்டும் பொங்கவே மாட்டேங்குது?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அரைப் பானை தண்ணீர். முக்கால் பானைக்கு மேல் பாலும் இரண்டாம் கழுவு நீருமாக நிரப்புங்கள், கழுவு நீரின் கஞ்சிதான் நுரையைக் கட்டும். பொங்கி வழிந்த பிறகு கொஞ்சம் நீரை மொண்டு வைத்துக்கொண்டு அரிசி போட வேண்டும். முதலிலேயே அரிசி போட்டால் அடியில் பிடிக்கும், பொங்குவதும் தள்ளிப்போகும்.

கூழில் கட்டி விழுவதற்குக் காரணம், கொதிக்கும் நீரில் காய்ந்த கேழ்வரகு மாவைக் கொட்டுவது. ஒரு பங்கு மாவை இரண்டு பங்கு தண்ணீரில் முந்தின ராத்திரியே கரைத்துப் புளிக்கவிடுங்கள். காலையில் கால் பங்கு நொய்யை நாலு பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, தீயைக் குறைத்து, கரைசலை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம். மோரும் சின்ன வெங்காயமும் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் மோர் ஊற்றினால் திரிந்துபோகும். மோர் கலந்த கூழை அலுமினிய அண்டாவில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

அக்னிச் சட்டி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டி கனமான மண் சட்டியாக இருக்கட்டும். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு மணலோ சாம்பலோ பரப்பி, அதன்மேல்தான் காய்ந்த சிறு விறகுத் துண்டுகள். அடுக்கு இல்லாமல் நேராகத் தீ மூட்டினால் அடி பழுத்துக் கை வெந்துவிடும். அதை அருள் குறைவு என்பார்கள், மணல் குறைவு என்பதே உண்மை. கைக்கும் சட்டிக்கும் நடுவில் பச்சை வேப்பிலை தடிமனாக இருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது மேலே எண்ணெய் ஊற்றவே கூடாது. ஊற்றின தாரை வழியாகத் தீ ஏறி, ஊற்றியவர் கைக்கே வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பேச்சுக்கே இடமில்லை. தணிந்தால் ஓரமாக நின்று, சட்டியைக் கீழே வைத்து, விறகைச் சேருங்கள். பாலியஸ்டர் சேலை உருகித் தோலோடு ஒட்டும். மஞ்சளில் நனைத்த பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பூ வைத்த தலைமுடியை முடிச்சிட்டுக் கட்டுங்கள். கூட வருபவர் ஒருவர் கையில் தண்ணீர்க் குடம் கட்டாயம்.

அலகு குத்துபவர்கள் சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் வேறு வேண்டுதலுக்கு மாறிவிடுங்கள். விபூதி பூசினால் ரத்தம் வராது என்ற நம்பிக்கையில் துருப்பிடித்த வேலைக் கொண்டுவராதீர்கள்.

உருளுதண்டத்துக்கு வெறும் வயிறுதான் சரி, ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தால் பாதிச் சுற்றில் கண் இருட்டும். தலைக்கு மேல் இரு கைகளையும் நீட்டிச் சேர்த்துக்கொண்டால் உடல் நேராக உருளும். கையை மடக்கினால் முழங்கை சிராய்த்து, பாதை ஒரு பக்கம் இழுக்கும். உருளுபவரின் இடுப்புத் துணி அவிழாமல் பார்க்கவும், தலை படியில் மோதாமல் திருப்பவும் பக்கத்தில் ஒருவர் நடக்க வேண்டும்.

உப்பு மிளகு கொட்டுவதற்குக் கல் உப்பு. தூள் உப்பு ஈரத்தில் தரையோடு ஒட்டி, வெறுங்காலோடு வருகிறவர்களை வழுக்கிவிடும்.

சில பேட்டைகளில் பழைய செருப்பாலும் துடைப்பத்தாலும் பூசாரி கையால் தலையில் அடி வாங்கும் நேர்த்தியும் உண்டு. பீடை கழிக்க வேண்டிக்கொண்டவர் வரிசையில் நின்று வாங்குவது அது. ரீல்ஸுக்காக அந்த வரிசைக்குள் நுழைபவர்களுக்குப் பூசாரி கொஞ்சம் சேர்த்தே கொடுத்தால் குறை சொல்ல முடியாது.

மஞ்சள் நீராட்டு அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, பிறகு புலம்புவதும் வழக்கம்தான். கறை பட்டதும் சோப்பைத் தேய்க்காதீர்கள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும். வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஈரத்தோடு சுள்ளென்ற வெயிலில் உலர்த்துங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். இரண்டு நாள் அப்படிப் போட்டுவிட்டு, அப்புறம் சோப்பு.