கடவுச்சொல் மேலாளரை மாற்றிய என் அனுபவம்

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலியே கடவுச்சொல் மேலாளர். நான் பயன்படுத்திவந்த, மூலநிரல் வெளியிடப்படாத தனியுரிமக் கடவுச்சொல் மேலாளர், கைபேசியிலும் கணினியிலும் ஒருசேர இயங்கும் வசதியைக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றியபோது வேறொன்றைத் தேடத் தொடங்கினேன். நான் பார்த்தவை, மூலநிரலை எவரும் படிக்கக்கூடிய திறமூலச் செயலிகள். ஆனால் மூலநிரல் திறந்திருப்பதாலேயே ஒரு செயலி பாதுகாப்பானதாகிவிடாது. தனியுரிமச் செயலிகளும் வெளித்தணிக்கைக்கு உட்படுவதுண்டு. ஆகவே, நிறுவனம் நாளை கைவிட்டாலும் என் தரவை என்னால் திறக்க முடியுமா என்பதையே அளவுகோலாகக் கொண்டேன். அதன்படி நான் தேர்ந்தெடுத்த கீபாஸ்எக்ஸ்சி என்ற திறமூல மேலாளர், அனைத்தையும் மறையாக்கம் செய்த (திறவுகோல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றிய) ஒரே கேடிபிஎக்ஸ் (.kdbx) கோப்பில் வைக்கிறது. அவ்வடிவத்தை வேறு பல செயலிகளும் திறக்கின்றன. பிட்வார்டன் என்ற மற்றொரு மேலாளரைச் சொந்தச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அதைப் பராமரிக்கும் பொறுமை எனக்கில்லை.

கவனம் தேவைப்பட்ட இடம், பழைய செயலியிலிருந்து தரவை வெளியே எடுக்கும் ஏற்றுமதிதான். அது தந்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பு மறையாக்கமற்ற வெறும் உரை. எதில் திறந்தாலும் வங்கிக் கடவுச்சொல் உட்பட அனைத்தும் அப்பட்டமாகத் தெரியும். எனவே மேகச் சேமிப்போடு ஒத்திசையாத கோப்புறையில் அதை வைத்து, இறக்குமதியின்போது ஒவ்வொரு நெடுவரிசையும் எதற்குரியது என்று பொருத்தி, பதிவுகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தபின் அழித்தேன். பதிவுகளோடு இணைத்திருந்த கோப்புகள் சிஎஸ்வியில் வராததால், அவற்றிலிருந்த மீட்புக் குறியீடுகளை (கணக்கில் நுழைய முடியாதபோது உதவுபவை) கீபாஸ்எக்ஸ்சியில் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்தக் கேடிபிஎக்ஸ் கோப்பைக் கீபாஸ்டிஎக்ஸ் என்ற செயலி திறக்கிறது. நகலொன்று தனி பென் டிரைவில் இருக்கிறது.